34–32: மிச்சிகன் தோற்ற சனிக்கிழமை, ஒரு ரசிகனின் கூறாய்வு

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும், எறியும் ஆட்டம்) அணியின் ரசிகன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். விஷயம் தெரிந்தவராக இருந்தால் கோப்பைகளைப் பற்றிக் கேட்கமாட்டார். "அப்பலாச்சியன் ஸ்டேட் ஆட்டம் பார்த்தீங்களா?" என்பார். கேட்கும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்க்கும்.

2007 செப்டம்பர் 1, பருவத்தின் முதல் வாரம். மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பர் மைதானத்தில் 1,09,218 பேர். ஏபி செய்தி நிறுவனம் வாக்கெடுத்துப் போடும் தரவரிசையில் 5ஆம் இடத்திலிருந்த மிச்சிகன், தரவரிசைக்கே தகுதியில்லாத அடுக்கிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற அணியிடம் 32–34 என்று தோற்றது. அதை அதிசயம் என்று சொல்லி எல்லாரும் கடந்துபோகிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பு இல்லாமல் போகிறது. அதனால்தான் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஆட்டத்தை அங்கங்கே நிறுத்திப் பார்த்தால், தோல்விக்கான ஒவ்வொரு காரணமும் அதற்கு முன்பே ஊரறிந்த விஷயமாக இருந்தது புரியும்.

இரண்டு அணிகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் பிரிவு 1978 முதல் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலடுக்கு எஃப்பிஎஸ், கீழடுக்கு எஃப்சிஎஸ். வித்தியாசம் பெயரில் மட்டும் இல்லை. மேலடுக்கு அணி அன்று 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை தர முடிந்தது. கீழடுக்குக்கு அன்று இருந்த வரம்பு 63. மைதானத்தின் அளவு, தொலைக்காட்சிப் பணம், பயிற்சிக்கூடம் எல்லாவற்றிலும் இதே ஏற்றத்தாழ்வுதான். இப்படிப் பிரிந்த நாளிலிருந்து அந்தச் சனிக்கிழமைவரை, ஏபி தரவரிசையில் இருந்த எந்த மேலடுக்கு அணியையும் ஒரு கீழடுக்கு அணி வென்றதில்லை.

பிறகு ஏன் மோதுகிறார்கள்? காசுதான். 2006 முதல் ஒரு பருவத்துக்கு 12 ஆட்டங்கள் என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ நிலையாக அனுமதித்தது. கூடுதலாகக் கிடைத்த அந்த ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் நடத்தினால் டிக்கெட் வருமானம் கொட்டும். அதற்கு, பதிலுக்குத் தங்கள் ஊரில் ஓர் ஆட்டம் கேட்காமல் வந்து, தோற்று, காசோலை வாங்கிக்கொண்டு போக ஓர் எதிரணி வேண்டும். அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு மிச்சிகன் கொடுத்த தொகை 4 லட்சம் டாலர்.

மிச்சிகன் ஆள் தேடியது சரி, தேர்ந்தெடுத்த ஆள்தான் சரியில்லை. வட கரோலைனாவில், புளூ ரிட்ஜ் மலைமேல் இருக்கும் பூன் என்ற சிற்றூரின் கல்லூரி இது. 2005, 2006 இரண்டு ஆண்டும் கீழடுக்கின் தேசியச் சாம்பியன். பயிற்சியாளர் ஜெரி மூர் கரைகண்டவர். அவருடைய குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பாஸ் எறிபவர்) அர்மான்ட்டி எட்வர்ட்ஸ் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவர். பிற்பாடு கீழடுக்கின் சிறந்த தாக்குதல் வீரருக்கான வால்டர் பேட்டன் விருதை இரண்டு முறை வாங்கியவர். காசு வாங்கிக்கொண்டு தோற்றுப்போக ஏற்ற அணியா இது?

மிச்சிகன் பக்கம், கடைசி ஆண்டுக்காரர்கள் மூவர் மேல் ஊரே நம்பிக்கை வைத்திருந்தது: குவார்ட்டர்பேக் சாட் ஹென், பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் மைக் ஹார்ட், தாக்குதல் வரிசையின் இடது ஓரத்தில் ஜேக் லாங். மூவருமே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் கடைசி ஆண்டை ஆடத் தங்கியவர்கள். பயிற்சியாளர் லாய்ட் கார், 1997இல் ஏபி தரவரிசையின் முதலிடத்தை வாங்கித்தந்தவர். ஆனால் 2006 அணியின் தற்காப்பில் தூணாக இருந்த லியான் ஹால், ஆலன் பிராஞ்ச், லமார் வுட்லி, டேவிட் ஹாரிஸ் நால்வரும் அந்த ஆண்டு தொழில்முறை லீகான என்எஃப்எல் போய்விட்டார்கள். நால்வரையும் என்எஃப்எல் ஆள்தேர்வின் முதல் இரண்டு சுற்றுகளுக்குள் அணிகள் எடுத்துக்கொண்டன என்றால், இங்கே விழுந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாக்குதல் நட்சத்திரங்கள் திரும்பி வந்ததால்தான் 5ஆம் இடம். தற்காப்பில் யார் ஆடப்போகிறார்கள் என்று தரவரிசை போட்டவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

இன்னொரு சங்கதி. ஆட்டத்தைக் காட்டியது பிக் டென் நெட்வொர்க் என்ற புதுச் சேனல்; அது ஆரம்பித்து அன்றைக்கு மூன்றாவது நாள். காம்காஸ்ட் கேபிளில் அது இன்னும் வரவில்லை. அதனால் மிச்சிகன் மாநிலத்திலேயே ஏராளமான ரசிகர்களுக்கு வீட்டில் இந்த ஆட்டம் தெரியவில்லை. கொடுத்துவைத்தவர்கள்.

28–14 ஆனது எப்படி

ஆரம்பம் நாங்கள் எதிர்பார்த்தபடிதான் இருந்தது. மிச்சிகன் பந்தை வாங்கி நேராகக் கொண்டுபோனது, ஹார்ட் 4 யார்டு ஓடி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) போட்டார், கூடுதல் உதையோடு 7–0. அரங்கம் சாவகாசமாகக் கைதட்டியது.

அடுத்து எட்வர்ட்ஸ் நடுப்பக்கமாக ஒரு குட்டிப் பாஸ் எறிந்தார். டெக்ஸ்டர் ஜாக்சன் ஓடுகிற ஓட்டத்திலேயே அதை வாங்கினார். பின்னால் காவலுக்கு நின்றவர்கள் அவரை மறிக்க வந்த கோணம் தப்பு. அவர்கள் மனக்கணக்கில் இருந்த வேகத்தைவிட ஜாக்சனின் வேகம் கூடுதல். 68 யார்டு, டச்டவுன், 7–7. அந்த ஆட்டத்தில் நான் அடிக்கடி நிறுத்திப் பார்க்கும் இடம் இது. இதில் தந்திரம் எதுவும் இல்லை, பந்து கைமாறிப்போன விபத்தும் இல்லை. கீழடுக்குக்காரர் ஒருவர் மேலடுக்குக்காரர்களை நேருக்கு நேர் ஓடித் தோற்கடித்தார், அவ்வளவுதான். மறு ஆண்டு என்எஃப்எல் தேர்வில் ஜாக்சனை இரண்டாம் சுற்றிலேயே எடுத்தார்கள்.

மிச்சிகன் 14–7 ஆக்கியது. பிறகு இரண்டாம் காலாட்டம் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் இரண்டாவது) முழுக்க அப்பலாச்சியன் ஸ்டேட் கையில். ஹான்ஸ் பாட்டிஷானுக்கு 9 யார்டு பாஸ், 14–14. ஜாக்சனுக்கு மறுபடி 20 யார்டு பாஸ், 21–14. எட்வர்ட்ஸ் தானே 6 யார்டு ஓடி 28–14. இடைவேளைக்கு முன் மிச்சிகனுக்கு ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து வாங்கும் 3 புள்ளி), 28–17. தொடையில் அடிபட்ட ஹார்ட் இரண்டாம், மூன்றாம் காலாட்டங்களின் பெரும்பகுதியில் களத்தில் இல்லை. அவர் இல்லாதபோது மிச்சிகன் தாக்குதல் தடுமாறியது நிஜம். ஆனால் எதிரணி அடித்த 28 புள்ளிக்கு ஹார்ட் என்ன செய்வார்?

அந்த 28 எப்படி வந்தது என்பதுதான் விஷயமே. அவர்கள் ஆடியது ஸ்ப்ரெட் ஆட்டமுறை. குவார்ட்டர்பேக் சில அடி பின்னால் நிற்பார், ரன்னிங் பேக் அவர் பக்கத்தில். பாஸை வாங்கும் ரிசீவர்கள் மைதானத்தின் இரு ஓரம்வரை விரிந்து நிற்பார்கள். பந்து கைக்கு வந்ததும், தற்காப்பு வரிசையின் கடைசி ஆளை மட்டும் யாரும் தடுப்பதில்லை, வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ரன்னிங் பேக்கைக் குறிவைத்து உள்ளே பாய்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காலியான அந்த இடம் வழியாகத் தானே ஓடுவார். அவர் பாயாமல் நின்றால் பந்து ரன்னிங் பேக்குக்கு. எதைச் செய்தாலும் அந்தத் தற்காப்பாளர் செய்தது தப்பாகிவிடும். ஒரு ஆளைத் தொடாமலே ஆட்டத்திலிருந்து கழித்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். இந்தக் கழித்தலில் உடல் பருமனுக்கு மதிப்பே இல்லை. வேகமும், கண்ணில் பட்டவுடன் முடிவெடுக்கும் குவார்ட்டர்பேக்கும் இருந்தால் 63 உதவித்தொகை அணியும் 85 உதவித்தொகை அணியும் சமம்.

எட்வர்ட்ஸ் அன்று 23 பாஸ்களில் 17ஐச் சேர்த்து 227 யார்டு, 3 டச்டவுன். இரண்டு முறை பந்தை எதிரணியிடம் கொடுக்கவும் செய்தார். குறையே இல்லாத ஆட்டம் என்று சொல்லமாட்டேன். குறையோடு ஆடியே வென்றார்கள் என்பது எங்களுக்கு இன்னும் கசப்பு.

இரண்டு புள்ளிக் கணக்கு

டச்டவுனுக்கு 6 புள்ளி. அதன்பின் பந்தை உதைத்து 1 புள்ளி வாங்கலாம். அது அநேகமாகத் தப்பாது. அல்லது எல்லைக்கோட்டின் அருகிலிருந்து ஒரே முயற்சியில் பந்தை உள்ளே சேர்த்து 2 புள்ளி வாங்கலாம். அது பாதிக்குப் பாதி சூதாட்டம்.

மூன்றாம் காலாட்டத்தில் இரு அணியும் ஆளுக்கொரு ஃபீல்ட் கோல் போட்டு 31–20 ஆயிற்று. ஹார்ட் திரும்பி வந்து டச்டவுன் அடித்தார், 31–26. இங்கே பயிற்சியாளர் கார் 2 புள்ளிக்குப் போனார். கிடைக்கவில்லை. நான்காம் காலாட்டத்தில், 4 நிமிடம் 36 விநாடி மிச்சமிருந்தபோது ஹார்ட் 54 யார்டு ஓடி அடித்த டச்டவுனில் மிச்சிகன் முதல்முறையாக மீண்டும் முந்தியது, 32–31. மறுபடி 2 புள்ளிக்குப் போனார்கள். அதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாவது முடிவில் எனக்குச் சண்டை இல்லை. 1 புள்ளி முன்னிலையை 2 ஆக்கி என்ன பயன்? எதிரணியின் ஒரு ஃபீல்ட் கோலுக்கு 3 புள்ளி, எப்படியும் தாண்டிவிடுவார்கள். 3 ஆக்கினால் சமன்தான் செய்ய முடியும். யாராக இருந்தாலும் அங்கே 2க்குத்தான் போகவேண்டும்.

என் வழக்கு முதல் முடிவோடு. மூன்றாம் காலாட்டம்கூட முடியவில்லை, நேரம் ஏகத்துக்கு இருக்கிறது. உதைத்திருந்தால் 31–27. அடுத்த டச்டவுனில் 33–31, அதையும் உதைத்தால் 34–31. அப்படியிருந்தால் அவர்களின் கடைசி ஃபீல்ட் கோல் ஆட்டத்தைச் சமன்தான் செய்திருக்கும், கூடுதல் நேரத்துக்குப் போயிருப்போம். அணி இருந்த பதற்றத்தில் அவசரப்பட்டு ஆடினார்கள் என்பது என் தீர்ப்பு. கீழடுக்கு அணியிடம் பின்தங்கியிருக்கிறோம் என்ற கூச்சம், கணக்குப் போடவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரே ஓட்டை, இரண்டு தடவை

32–31க்குப் பிறகு எட்வர்ட்ஸ் எறிந்த பாஸை மிச்சிகன் பறித்தது. அரங்கம் மூச்சு விட்டது. இனி ஒரு ஃபீல்ட் கோல் போட்டால் 35–31, அவர்களுக்கு டச்டவுன் தவிர வேறு வழி கிடையாது. 43 யார்டிலிருந்து ஜேசன் ஜிங்கல் உதைத்தார். பிரையன் குவிக் கையை நீட்டித் தடுத்துவிட்டார். மிச்சம் 1 நிமிடம் 37 விநாடி.

அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் அப்போது கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் ஒன்றுகூட இல்லை. ஆடுகள நடுவில் விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் 69 யார்டு வந்தார்கள். வழக்கம்போலவே, பதறாமல், விரிந்து நின்று, குட்டிக் குட்டிப் பாஸ்களாக; கடைசியில் கோகோ ஹில்லரிக்கு 24 யார்டு. மிச்சிகன் தற்காப்பு அதற்குள் நாக்கு தள்ளிப்போயிருந்தது. இடுப்பில் கைவைத்தபடி நிற்கும் பெரிய உருவங்களைக் கேமரா அடிக்கடி காட்டியது. ஜெரி மூர் மேற்கொண்டு துணியாமல் ஜூலியன் ராச்சை உதைக்க அனுப்பினார். 24 யார்டு, உள்ளே. 34–32. மிச்சம் 26 விநாடி.

அதன்பிறகும் ஹென் தன்னால் முடிந்ததைச் செய்தார். மரியோ மானிங்ஹாமுக்கு 46 யார்டு நீளப் பாஸ், பந்து எதிரணியின் 20 யார்டு கோட்டில், 6 விநாடி பாக்கி. 37 யார்டு உதை. இந்த இடத்தில்தான் ஆய்வாளர்கள் எல்லாரும் ஜிங்கலைக் குறைசொல்வார்கள். ஓட்டிப் பாருங்கள், அவர் பந்தை உதைக்கும்போதே கோரி லின்ச் அங்கே வந்துவிட்டார். ஓரத்திலிருந்து புறப்பட்டவரை உருப்படியாக யாரும் தொடவே இல்லை. பந்து அவர் மேல் பட்டு எழும்ப, அதைக் கையில் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தார். மைதானத்தின் மறுகோடியில் அவரைச் சாய்த்தபோது கடிகாரத்தில் ஒன்றும் இல்லை.

முதல் உதை தடுக்கப்பட்டபிறகு, அடுத்த உதைக்கு முன்னால் ஒன்றரை நிமிட ஆட்டநேரம் ஓடியிருக்கிறது. தடுப்பு வரிசையின் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. உதைக்கும் பையன் மேல் பழிபோடுவது சுலபம், ஏனென்றால் படத்தில் அவர்தான் நடுவில் இருக்கிறார். பழி அவரைக் காக்கவேண்டிய வரிசைக்கும், அந்த வரிசையைப் பழக்கியவர்களுக்கும்தான் சேரும்.

தெரிந்த வியாதி

ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக்கும் விரிந்த ஆட்டமுறையும் மிச்சிகனுக்கு அன்று புதிது என்றால் மன்னிக்கலாம். ஆனால் 2000 நவம்பரிலேயே நார்த்வெஸ்டர்ன் ஸ்ப்ரெட் ஆடி எங்களை 54–51 என்று வென்றது. 2005 ரோஸ் பவுலில் டெக்சஸின் வின்ஸ் யங் தானே ஓடி நான்கு டச்டவுன் போட்டு 38–37 என்று வென்றார். ஓஹையோ ஸ்டேட்டின் டிராய் ஸ்மித் 2004, 2005, 2006 என மூன்று ஆண்டும் வென்றார். மூன்றாவதில் அவர்கள் விரிந்து நின்று அடித்தது 42 புள்ளி. இத்தனைக்கும் பிறகு மருந்து தேடாமல் இருந்தால், அடுத்து வருகிறவர் மலைமேலிருந்து வந்தால் என்ன, சமவெளியிலிருந்து வந்தால் என்ன?

நிரூபணமும் உடனே வந்தது. அடுத்த சனிக்கிழமை ஆரிகன். டென்னிஸ் டிக்சன் என்ற ஓடும் குவார்ட்டர்பேக். அதே ஆன் ஆர்பரில் 39–7. உண்மையில் இந்த இரண்டாவது ஆட்டம்தான் மானத்தை அதிகம் வாங்கியது. ஆனால் எதிரணி பெரிய பெயர் என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை.

பிறகு

அன்றிரவு பூன் ஊரில் மாணவர்கள் தங்கள் மைதானத்துக்குள் புகுந்து கோல்கம்பத்தைப் பெயர்த்தெடுத்து, ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போய்த் பல்கலைக்கழக வேந்தர் வீட்டு வாசலில் போட்டார்கள். மிச்சிகன் 5ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் தரவரிசையைவிட்டே வெளியேறியது. கீழடுக்கு அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்று ஏபி தன் விதியை மாற்றிக்கொண்டது. அப்பலாச்சியன் ஸ்டேட் அந்தப் பருவத்தில் டெலவேரை 49–21 என்று வென்று தொடர்ந்து மூன்றாவது முறையாகச் சாம்பியன் ஆனது. ஆக, அன்று ஆன் ஆர்பருக்கு வந்தது நாட்டின் மிகச் சிறந்த கீழடுக்கு அணி. மேலடுக்கில் ஆடியிருந்தாலும் பாதிப்பேரையாவது வென்றிருக்கும்.

மிச்சிகன் ஒன்றும் நொறுங்கிப்போகவில்லை. 9–4 (9 வெற்றி, 4 தோல்வி) என்று பருவத்தை முடித்தது. நவம்பரில் கார் ஓய்வை அறிவித்தார். 2008 ஜனவரி 1 அன்று, அவருடைய கடைசி ஆட்டத்தில், டிம் டீபோவின் ஃபுளோரிடாவை 41–35 என்று சாய்த்தார்கள். ஹென் 373 யார்டு எறிந்தார். எப்படி ஆடினார்கள் தெரியுமா? விரிந்து நின்று!

காருக்குப் பதிலாக வெஸ்ட் விர்ஜினியாவிலிருந்து ரிச் ராட்ரிகஸைக் கூட்டிவந்தார்கள். மேலே விவரித்தேனே, ஒரு ஆளைத் தொடாமல் கழிக்கும் வித்தை, அதை 1990களின் தொடக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் உருவாக்கியவர் என்று பேர்பெற்றவர் அவர். ஜெரி மூரின் உதவியாளர்கள் ஸ்ப்ரெட் கற்றுக்கொள்ள வெஸ்ட் விர்ஜினியாவுக்குப் போய் அவரிடம்தான் உட்கார்ந்தார்கள். எங்களை அடித்த தடியைச் செய்தவரையே எங்களுக்கு வேலைக்கு வைத்தோம். ஆனால் அந்த ஆட்டமுறைக்கான வீரர்கள் இங்கே இல்லை, தற்காப்பும் சரியாகவில்லை. 2008இல் 3–9. 1967க்குப் பிறகு, வெற்றியைவிடத் தோல்வி கூடிய மிச்சிகனின் முதல் பருவம். மூன்று ஆண்டில் 15 வெற்றி, 22 தோல்வி, ராட்ரிகஸும் கிளம்பினார்.

2014 ஆகஸ்ட் 30 அன்று அதே இரண்டு அணிகளையும் அதே மைதானத்தில் மறுபடி மோதவிட்டார்கள். அப்பலாச்சியன் ஸ்டேட் அந்த ஆண்டுதான் மேலடுக்குக்கு வந்திருந்தது. மிச்சிகன் 52, அவர்கள் 14. பழி தீர்ந்தது என்று சிலர் சட்டையைச் சுற்றினார்கள். அந்தப் பருவம் 5–7 என்று முடிந்தது. டிசம்பரில் பயிற்சியாளர் பிரேடி ஹோக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள்.